கடற்கொள்ளைக்குத் தப்பிய பிரதி

வணக்கம்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிய கட்டுரையில் ஒன்பதாம் நூற்றாண்டு ரோமின் நூலகர் அனஸ்தாசியுஸைப் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். தேடிப் படித்தால், பாப்பரசர் பதவியைப் பிடுங்கப் பார்த்தவர், இரண்டு முறை சபைவிலக்கம் பெற்றவர் என்றிருக்கிறது. இவர் எழுதிய சபை வரலாற்றை எப்படி நம்புவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படித்ததெல்லாம் உண்மை, இன்னும் இருக்கிறது. 855இல் பாப்பரசர் நான்காம் லியோ இறந்ததும் பேரரசரின் தூதர்கள் துணையோடு பாப்பரசரின் இருப்பிடமான லாத்தரன் மாளிகைக்குள் புகுந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் பெனடிக்டைச் சிறைவைத்தார். ரோம் மக்கள் மசியவில்லை, வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு மன்னிப்பு, 867இல் நூலகர் பதவி. 868இல் அவருடைய உறவினன் பாப்பரசரின் மனைவியையும் மகளையும் கொன்றபோது, தூண்டியவர் இவரே என்று மறுபடி விலக்கினார்கள். (குருவாகுமுன் மணமானவர் அந்தப் பாப்பரசர், இரண்டாம் ஏட்ரியன்.) அடுத்த ஆண்டே பேரரசரின் தூதராகக் கான்ஸ்தாந்திநோபிளுக்குக் கிளம்பிவிட்டார்!

மொழி விஷயத்தில் மட்டும் மனிதர் கறார். 787இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் (ஆயர்கள் கூடும் திருச்சபை மாநாடு) கிரேக்க நடவடிக்கைக் குறிப்புகளை ரோமில் யாரோ சொல்லுக்குச் சொல் லத்தீனாக்கியிருந்தார்கள். சைப்ரஸ் ஆயர் ஒருவர் அங்கே சொன்னது, திருவுருவங்களுக்கு மரியாதை செய்வேன், ஆராதனை திரித்துவக் கடவுளுக்கே என்பது. லத்தீனில் அது தலைகீழாகி, திரித்துவத்துக்குரிய ஆராதனையைத் திருவுருவங்களுக்கும் தருவதாக வந்தது. போதாததற்கு, 'புரோஸ்கினேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லை 'அதோராத்சியோ' என்று போட்டார்கள். வணக்கம் என்றது ஆராதனையாகக் காதில் விழுந்தது. நம்மூர்க் கத்தோலிக்கர் புனிதருக்கு வணக்கம், கடவுளுக்கு ஆராதனை என்று பிரிப்பார்களே, அந்தக் கோடே அழிந்துபோயிற்று. பிராங்க் அரசர் சார்லமேனின் அரசவை கொதித்துப்போய் நீண்ட மறுப்புநூலே எழுதியது. 794இல் பிராங்க்பர்ட் சங்கம் கண்டித்தது.

873இல் அனஸ்தாசியுஸ் அந்த நிசேயா நடவடிக்கைகளைப் புதிதாக மொழிபெயர்த்தார். முன்னவர் இரண்டு மொழிகளின் போக்கையும் கவனிக்கவில்லை, அதனால் அதைப் படிப்பாரே இல்லை, படியெடுப்பது எங்கே என்று முன்னுரையில் அலுத்துக்கொள்கிறார். கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த இன்னொருவர், அயர்லாந்துக்காரரான எரியுகேனாவையும் விடவில்லை. உலகத்தின் கோடியில் கிடக்கும் இந்தக் காட்டுமிராண்டிக்கு இவ்வளவு கிரேக்கம் எப்படி வந்தது என்று 875இல் சார்லமேனின் பேரனான அரசர் சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில் வியந்துவிட்டு, எரியுகேனாவும் சொல்லுக்குச் சொல்தான் போயிருக்கிறார் என்று ஒரு குட்டு வைத்தார்.

வரலாறு என்று அவர் தந்தது பெரும்பாலும் தியோபனேஸ் முதலிய மூன்று கிரேக்க ஆசிரியர்களிடமிருந்து எடுத்துத் தொகுத்தது. பாப்பரசர்களின் வரலாற்று நூல் நெடுங்காலம் அவர் பெயரில் அச்சானாலும், அது பல நூற்றாண்டுகளில் பலர் எழுதியது. தன்னைப் பற்றியும் எதிரிகளைப் பற்றியும் அவர் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். மொழிபெயர்ப்பு வேறு கதை.

870இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் முடிந்தது. அதன் நடவடிக்கைகளின் மூலப்பிரதியோடு திரும்பிய பாப்பரசரின் தூதர்கள் வழியில் கடற்கொள்ளையரிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்தார்கள். தனியாகப் பயணம் செய்த அனஸ்தாசியுஸின் பிரதி ரோம் வந்து சேர்ந்தது. அதை அவரே லத்தீனாக்கினார். கிரேக்கத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சுருக்கம்தான். முழுசாகப் படிக்க வேண்டுமென்றால், லாத்தரனுக்குள் புகுந்த அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும்.