பைத்தான் டிக்‌ஷனரியில் கீ கண்ணெதிரே இருந்தும் கீ எரர் வருவது ஏன்?

டிக்‌ஷனரி என்பது கீ, அதற்குரிய வேல்யூ என ஜோடி ஜோடியாகச் சேமிப்பது; கேட்ட கீ இல்லையென்றால் கீ எரர் வரும். லூப் ஓட்டிப் பிரின்ட் செய்தால் 101 தெரிகிறது, அதே 101-ஐ எண்ணாகக் கேட்டால் கீ எரர் வருகிறது என்கிறீர்கள். உங்கள் டிக்‌ஷனரியில் இருப்பது எண் 101 அல்ல, ஸ்ட்ரிங் 101, அதாவது எழுத்தாகச் சேமித்த 101. தனியாகப் பிரின்ட் செய்தால் மேற்கோள் குறி தெரியாது. முழு டிக்‌ஷனரியையும் பிரின்ட் செய்து பாருங்கள், குறி தெரிந்துவிடும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸும் சேர்ந்தே தெரியும்.

உங்களுக்கு எரராவது வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை. கிருஷ்ணகிரியில் மாமாவின் மாங்காய் மண்டிக்கு ஒரு கணக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். தோட்டக்காரர் எண் கீ, அவர் இறக்கிய பெங்களூரா காயின் கிலோ வேல்யூ. முதல் நாள் 101-க்கு 1,840 கிலோ. இரவில் ஜேசன் (தரவை எழுத்து வடிவில் வைக்கும் முறை) கோப்பாகச் சேமித்தேன். ஜேசனில் கீ ஸ்ட்ரிங்காகத்தான் இருக்க முடியும். பைத்தான் எண்ணைச் சத்தமில்லாமல் ஸ்ட்ரிங்காக்கி எழுதிவிடும், திரும்பப் படிக்கும்போது எண்ணாக மாற்றித் தராது. மறுநாள் 420 கிலோ வந்தது. நான் கெட் (கீ இல்லாவிட்டாலும் எரர் தராமல் எடுக்கும் வழி) போட்டு, இல்லையென்றால் 0 என்று எழுதியிருந்தேன். எண் 101 இல்லை, அதனால் 0-வோடு 420 சேர்ந்து புதுக் கீயாக உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு இரண்டு 101-ம் ஒரே பெயரில் கோப்புக்குள் போயின. மூன்றாம் நாள் படித்தபோது கடைசியாக இருந்த 420 மட்டும் நின்றது. 1,840 கிலோ போயே போய்விட்டது. எடைச் சீட்டுக் கட்டு இருந்ததால் அந்த மனிதரின் பணம் தப்பியது.

படித்தவுடன் எல்லாக் கீயையும் இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக மாற்றலாம். ஆனால் கூட்டிக் கழிக்காத எண்ணை ஸ்ட்ரிங்காகவே வைப்பதுதான் நல்லது என்பேன். நம் ஊர் எஸ்டிடி கோடு 04343-ஐ இன்ட்டாக்கினால் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும். எனவே உள்ளே வரும் இடத்திலேயே ஸ்ட்ரிங்காக்கி, ஓரத்து ஸ்பேஸை நீக்க ஸ்ட்ரிப்பும் செய்துவிடுங்கள்.

அப்புறம், எக்செல் கோப்பைப் பாண்டாஸில் (அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் லைப்ரரி) படிக்கிறீர்களா? கீயாகும் எண்கள் இருக்கும் பத்தியில் (காலம்) ஒரு செல் காலியாக இருந்தாலும் 101 என்பது 101.0 ஆகிவிடும். அதை அப்படியே ஸ்ட்ரிங்காக்கினால் புள்ளியும் சைபரும் ஒட்டிக்கொண்டு வரும், கீ மறுபடி பொருந்தாது. படிக்கும்போதே அந்தப் பத்தியின் டைப்பை ஸ்ட்ரிங் என்று கொடுத்துவிடுங்கள்.

கெட்டில் 0 கொடுப்பதைத் தெரிந்த தோட்டக்காரர் எண்களுக்கு நான் விட்டுவிட்டேன். கீ இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும்.