பெயர் கேட்காமல் வந்த கஞ்சி

கேள்வி: என் கணவர் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்த 9 நாட்களும், பக்கத்துக் கட்டில் நோயாளியின் தாயார், தம் மகனுக்குக் கொண்டுவந்த கஞ்சியில் ஒரு டம்ளர் எனக்கும் ஊற்றித் தந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இதைக் கடவுள் செயல் என்று நம்பலாமா? நன்றியை யாரிடம் செலுத்துவது?

– வாசகி, விருத்தாசலம்

பதில்: தாராளமாக நம்பலாம், அம்மா. ஆனால் எல்லாவற்றையும் கடவுள் கணக்கில் எழுதிவிட்டு அந்தத் தாயாரை மறந்துவிடாதீர்கள். மகனின் பங்கைக் குறைத்துத்தான் அவர் உங்களுக்கு ஊற்றியிருக்கிறார். ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று போதித்த வள்ளலார், உங்கள் மாவட்டத்து வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. பசித்து வருகிறவரிடம் சாதியோ ஊரோ கேட்காமல் அங்கே சோறிடுகிறார்கள். அது அமைந்த ஏறத்தாழ 80 காணி நிலமும் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்ததுதான். இன்று அங்கே உண்ணுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர்களுடைய பெயர்கள் தெரியும்?

மறுபரிசோதனைக்குப் போகும் நாளில், ஒரு தூக்கில் கஞ்சியும் இரண்டு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். நோயாளிக்கு எப்படியும் சாப்பாடு வந்துவிடும். உடனிருப்பவர்தான் பெரும்பாலும் தேநீரைக் குடித்தே பொழுதைத் தள்ளுவார்.