காலுறையும் கதர் நூலும்: வாசகர் கேள்வி – பதில்

கையால் காலுறை பின்னுவது பற்றி வட சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பின்னி மில்லில் வேலை பார்த்த என் தாத்தா, ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ராட்டையில் நூற்று வைத்த பருத்தி நூல் சிட்டங்கள் (சுற்றிக் கட்டிய நூல் கற்றைகள்) பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்தன. அவற்றில் எட்டு இழைகளை ஒன்றாகப் பிடித்து, உல்லன் நூலுக்குச் சொல்லித் தந்த அதே கணக்கில், 64 கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) போட்டு என் கணவருக்குக் காலுறை பின்னினேன். அவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார்; நாள் முழுவதும் பாதுகாப்பு ஷூ அணிய வேண்டும். காலையில் சரியாக நிற்கும் காலுறை, மதியத்துக்குள் கணுக்காலில் சுருண்டு, குதிகாலுக்கு அடியில் மடிந்துவிடுகிறது. நூலின் குறையா, என் கையின் குறையா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நூலையும் கையையும் விட்டுவிடுங்கள், குறை கணக்கில் இருக்கிறது. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் பிறவியிலேயே ஒரு நெளிவு உண்டு. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அந்த நெளிவினால்தான். பருத்தி இழையில் அந்தத் துள்ளல் கிடையாது. அது வியர்வையை உறிஞ்சும், சூட்டைத் தாங்கும், கொதிநீரில் போட்டாலும் கெடாது. ஆனால் ஒருமுறை அகன்ற கண்ணி, துவைத்துக் காயவைக்கும் வரை பெரும்பாலும் அகன்றபடியேதான் இருக்கும். எனவே உல்லனுக்கு எழுதப்பட்ட கணக்கைப் பருத்திக்கு அப்படியே எடுத்தால், நீங்கள் கண்டதுதான் நடக்கும்.

முதலில் பாதத்தின் அகன்ற பகுதியைச் சுற்றி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 24 செ.மீ. என்றும், உங்கள் பின்னலில் 10 செ.மீ.க்கு 30 கண்ணிகள் விழுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். காலுறை காலைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். உல்லன் என்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்து, 21.6 செ.மீ.க்கு ஏறத்தாழ 65 கண்ணிகள் வரும். நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 64. பருத்திக்கு நான் இன்னும் சற்று இறுக்கிப் பிடிப்பேன்: 24 செ.மீ.யில் 15 விழுக்காடு குறைத்தால் 20.4 செ.மீ., கண்ணிக் கணக்கில் ஏறத்தாழ 61, நான்கால் வகுபட 60. நான்கு கண்ணிகள்தானே என்று தோன்றலாம். போட்டு நடந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதோடு, மேல் பட்டியில் மட்டும் ரிப் (நிட், பர்ல் கண்ணிகள் மாறி மாறி வரும், இழுத்தால் நீளும் வரிப் பின்னல்) போட்டுவிட்டுக் கீழே வெறும் நிட் (முன்பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி) பின்னாமல், கணுக்கால் வரையிலும், பாதத்தின் மேற்புறத்திலும்கூட இரண்டு நிட், இரண்டு பர்ல் (முன்பக்கம் மேடாக விழும் கண்ணி) என்று தொடருங்கள். நூலில் இல்லாத துள்ளலைப் பின்னல் கொடுக்க வேண்டும். மேல் பட்டியின் உட்புறத்தில் மெல்லிய எலாஸ்டிக் நூலை இரண்டு மூன்று சுற்றுகள் சேர்த்து ஓட்டினாலும் தவறில்லை. கதருக்குள் எலாஸ்டிக்கா என்று முகம் சுளிப்பவர்கள், மதியம் இரண்டு மணிக்கு மணலியில் அந்த ஷூவுக்குள் காலை விட்டுப் பார்க்கட்டும்.

இனி நூல். இழைகளை முறுக்காமல் சேர்த்துப் பிடித்துப் பின்னியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தேய்ந்து அறும். ராட்டையில் நூற்ற 1000 மீட்டர் சிட்டம் ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 30 கிராம் இருந்தால் அது 20-ஆம் நம்பர் (நூலின் நுண்மையைக் குறிக்கும் எண்) நூல். அந்த நூலுக்கு எட்டு இழைகள் என்ற உங்கள் எண்ணிக்கை சரியே, 100 கிராமுக்கு 400 மீட்டர் என்ற வழக்கமான காலுறை நூலின் கணக்குக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். ஒரு ஜோடிக்கு நான்கு சிட்டங்கள் ஒதுக்குங்கள். முதலில் நான்கு இழைகளைச் சேர்த்து, ஒற்றை இழையை எந்தப் பக்கம் திருகினால் அதன் முறுக்கு அவிழ்கிறதோ அந்தப் பக்கமாக, தேவைக்கு அதிகமாகவே முறுக்குங்கள். பிறகு அத்தகைய இரண்டு புரிகளைச் சேர்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் முறுக்குங்கள். தக்ளியே (கையால் சுழற்றும் சிறு நூற்புக் கதிர்) போதும், ஆனால் பொறுமை வேண்டும். முறுக்கி முடித்த நூலில் ஒரு முழத்தை வளையமாகத் தொங்கவிட்டால், அது தன்னைத் தானே சுற்றிக்கொள்ளாமல் அமைதியாகத் தொங்க வேண்டும். காலுறைக்கு மட்டும் முறுக்கு இம்மி கூடுதலாக இருக்கலாம்.

பின்னுவதற்கு முன் சிட்டத்தை நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, சலவைச் சோடாவும் சோப்பும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நீர் தேநீர் நிறத்தில் மாறும். அஞ்ச வேண்டாம், பஞ்சின் மெழுகு வெளியேறுகிறது. முறுக்கு நிலைபெறுவதும், சுருங்க வேண்டியது முன்னதாகவே சுருங்குவதும் இந்தக் கொதிப்பில்தான்.

ஓர் எச்சரிக்கை. இவ்வளவுக்கும் முன்பாக, பழைய நூலில் ஒரு சாண் எடுத்து இழுத்துப் பாருங்கள். சாம்பல்போல் அறுந்தால் அதைப் பின்னாதீர்கள். தாத்தாவின் நினைவாகப் பெட்டியிலேயே இருக்கட்டும். மில் இரைச்சலில் வாழ்நாளைக் கழித்தவர் ராட்டையின் முன் உட்கார்ந்து நூற்ற நூல், ஷூவுக்குள் போய்த்தான் மதிப்புப் பெற வேண்டும் என்பதில்லை.

கேள்வி: உல்லன் காலுறைகள் இரண்டே மாதத்தில் குதிகாலில் ஓட்டை விழுகின்றன. எங்கள் பகுதியில் வலை பின்னும் நைலான் நூல் எளிதாகக் கிடைக்கிறது. அதைச் சேர்த்துப் பின்னலாமா?
— வாசகி, காசிமேடு

பதில்: கம்பிபோல் ஒற்றை இழையாக வரும் தூண்டில் நரம்பைச் சேர்க்கவே கூடாது, அது உல்லனை உள்ளிருந்தே அறுக்கும், காலையும் உறுத்தும். பல மெல்லிய இழைகள் சேர்ந்த மிருதுவான நைலான் தையல் நூல் என்றால், குதிகாலிலும் விரல் நுனியிலும் மட்டும் உல்லனோடு சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். கடையில் விற்கும் காலுறை உல்லனில் பெரும்பாலும் 75 பங்கு உல்லன், 25 பங்கு நைலான் என்று கலந்திருப்பதும் இதற்காகத்தான்.

நைலானைவிட முக்கியமானது பின்னலின் நெருக்கம். குதிகால் மடலை (குதிகாலின் பின்புறத்தை மூடும் பகுதியை) பின்னும்போது, வெளிப்புற வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி, அடுத்ததைப் பின்னி, இப்படி மாறி மாறிச் செல்லுங்கள். உட்புற வரிசையில் எல்லாவற்றையும் பர்ல் செய்யுங்கள். பின்னாமல் விட்ட கண்ணிகளின் பின்னால் நூல் ஓடுவதால் அந்த இடம் இரட்டைத் தடிமன் பெறும். நீங்களே உல்லன் நூற்பவர் என்றால், ஒற்றைப் புரியில் (ஒரே இழை நூலில்) காலுறை பின்ன ஆசைப்படாதீர்கள். இரண்டு புரி தாங்கும். முப்புரி உருண்டையாக அமைந்து எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும் என்பதால் அதுவே எனக்குப் பிடித்தது. ரோமத்தைச் சீவி, இழைகளை ஒரே திசையில் படியவைத்து, இறுக்கமாக நூற்க வேண்டும். கையில் எடுக்கும்போது பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும் நூல், குதிகாலில் முதலில் தோற்கும்.

உங்கள் ஊரில் வலைக்கண்ணி என்பது முடிச்சு. ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அசையாது. காலுறையின் கண்ணியில் முடிச்சே இல்லை, வளையத்துக்குள் வளையம் மட்டுமே. ஒன்று அறுந்தால் ஏணிபோல் வரிசையாக அவிழும். ஆகவே ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், நூல் மெலிந்தது தெரிந்த அன்றே காலுறைக்குள் ஒரு கொட்டாங்குச்சியை வைத்து, மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு கண்ணியின் தடத்திலும் புது நூலை ஓட்டிவிடுங்கள். வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்குச்சியாக இருக்க வேண்டும்.

கேள்வி: காலுறை பின்னுவது குளிர் நாட்டுக்காரர்களின் வேலை, சென்னைக்கு எதற்கு என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். என்ன சொல்வது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: பின்னல் ஊசிகளால் பின்னிய துணிகளில் இன்று கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள், எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட காலுறைகள் அடங்கும் என்று சொல்லுங்கள். அவை ஏறத்தாழ 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அவற்றில் பல, வெள்ளையும் அவுரி நீலமுமாகப் பருத்தி நூலில் பின்னப்பட்டவை. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தது 1589-இல்தான். வெயில் நாடும் பருத்தியும் காலுறைக்குப் புதியவை அல்ல.

கேள்வி: இருமுனை ஊசிகள் நான்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. சைக்கிள் கம்பியைப் பயன்படுத்தலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக. சைக்கிள் சக்கரக் கம்பி சுமார் 2 மி.மீ. தடிமன் கொண்டது, நெருக்கமான பின்னலுக்கு ஏற்றது. வளைந்த தலையையும் மரையுள்ள முனையையும் வெட்டி, இரு முனைகளையும் உப்புத்தாளில் கூர் மழுங்கத் தேய்த்து, துருப் பிடிக்காமல் உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். நம் கடற்காற்றில் இரும்புக் கம்பி ஒரே வாரத்தில் நூலில் கறை படியவைக்கும்.

கேள்வி: என் தந்தைக்கு நீரிழிவு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. விரல் நுனியில் தையல் உறுத்தாத காலுறை பின்ன முடியுமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியும், கையால் பின்னுவதன் பெரிய பயனே அதுதான். விரல் பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகளாகக் குறைத்து வந்து, 16 கண்ணிகள் மீதமிருக்கும்போது நிறுத்துங்கள். மேலே எட்டு, கீழே எட்டு. இவற்றைச் சேர்த்துத் தைக்காமல், தையல் ஊசியில் நூல் கோத்து, ஒரு வரிசை பின்னுவதுபோலவே கண்ணிக்குள் கண்ணியாக இணைத்தால் மேடு இராது. மேல் பட்டியில் எலாஸ்டிக் வேண்டாம். கழற்றியபின் காலில் தடம் பதிந்திருந்தால் அது இறுக்கம் என்று பொருள், நான்கு கண்ணிகள் கூட்டிப் பின்னுங்கள். நூல் நுனிகளை உட்புறம் முடிச்சுப் போடாமல் மறைத்து ஓட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு மடிப்புகூடத் தெரியாது என்பதால், அணிவித்ததும் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். ஏற்கெனவே புண் இருந்தால் எந்தக் காலுறையையும் மருத்துவரைக் கேட்ட பிறகே அணிவியுங்கள்.