‘ஆய்வுக்குக் கையெழுத்து வையுங்கோ’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு 2009இல் செல் (எறிகணை) பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. இப்போது கட்டையின் நுனியில் நரம்புக் கட்டி வந்து பொய்க்கால் போட முடியவில்லை. அடுத்த மாதம் திரும்ப ஒப்பரேசன். நோவைக் குறைக்க வழக்கமான மருந்து மட்டும் கொடுப்பதையும், அதோடு நரம்புக்குப் பக்கத்தில் குழாய் வைத்து விறைப்பு மருந்து விடுவதையும் ஒப்பிடும் ஆய்வில் சேரச் சொல்லி மயக்க மருந்துப் பகுதியில் ஒரு படிவம் தந்தார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் கோபக்காரர் என்பதால் என்னையே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். “எங்களை வைச்சு மருந்து பரிசோதிக்கிறாங்கள்” என்று அயலுக்குள் கதைக்கிறார்கள். மறுத்தால் ஒப்பரேசன் திகதி பறிபோகுமா?
– ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வாசகி

பதில்: திகதி பறிபோகாது. ஆய்வில் சேர மாட்டேன் என்றவருக்கும், சேர்ந்துவிட்டு இடையில் விலகியவருக்கும் சிகிச்சையில் எதுவும் குறையக்கூடாது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஏற்று, பிறகு பல தடவை திருத்திய பிரகடனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. “சேராவிட்டால் திகதி பிந்தும்” என்று யாராவது சொன்னால் அந்த ஆளின் பெயரைக் குறித்துக்கொண்டு நேரே பொறுப்பு வைத்தியரிடம் போங்கள்.

இனி முக்கியமான விசயம். உங்களிடம் இரண்டு கடதாசி வரும். ஒன்று ஒப்பரேசனுக்கும் மயக்க மருந்துக்குமான சம்மதம். அது இல்லாமல் தியேட்டருக்குள் எடுக்க மாட்டார்கள். மற்றது ஆய்வுக்கான சம்மதம். இரண்டையும் ஒன்றாகக் குத்தி, “இதிலயும் இதிலயும் ஒரு கையெழுத்து” என்று நீட்டுகிற பழக்கம் எங்கள் வார்ட்டுகளில் இன்னும் போகவில்லை. தள்ளுவண்டியில் படுத்திருப்பவரிடம் காலை ஏழு மணிக்கு வாங்குகிற கையெழுத்து, சம்மதமே இல்லை. ஆய்வுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு இரவாவது வைத்திருக்கக் கேளுங்கள். தமிழ்ப் பிரதியும் கேளுங்கள். தமிழர்கள் வாழும் மாவட்டத்தில் ஆறு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டுவதற்கு எந்தச் சாட்டும் கிடையாது. ஆய்வுக்கு அனுமதி எடுக்கும்போதே தமிழ்ப் படிவத்தையும் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

கையெழுத்து வைக்க வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. அவருக்குத் தெளிவான அறிவு இருக்கிறது. கோபம் வருவது அறிவில்லாமை ஆகாது. ஆய்வைப் பற்றி அவரிடம் சொல்லாமல் மனைவியிடம் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலர் மாட்டுப்படுவது அங்கேதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடு, தூக்க மருந்தில் கிடக்கிறார். அவரிடம் எதையும் கேட்க முடியாது. ஆனால் அந்த நிலையில் உள்ளவர்களிடம் ஆய்வு செய்யாவிட்டால் அவர்களுக்கான வைத்தியம் ஒருபோதும் திருந்தாது. சுவாச இயந்திரம் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்றுத் தள்ள வேண்டும் என்பதை அமெரிக்காவில் 861 நோயாளிகளில் ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டார்கள். கிலோவுக்கு 12 மில்லிலீட்டர் தள்ளியவர்களில் கிட்டத்தட்ட 40 வீதமானோர் இறந்தார்கள், 6 மில்லிலீட்டர் தள்ளியவர்களில் 31 வீதமானோர். அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் கூடிய காற்றே நல்லது என்று இன்றைக்கும் தள்ளிக்கொண்டிருப்போம். இப்படியான இடத்தில் நெருங்கிய உறவினரிடம் சம்மதம் கேட்பார்கள். அப்போதும் உங்களிடம் கேட்பது உங்கள் விருப்பத்தை அல்ல. “அவர் நினைவோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?” என்பதற்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அவர் கண் விழித்துத் தெளிந்ததும் அவரிடம் நேரே திரும்பக் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் அந்த நிமிசத்தோடு விலக்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பல இடங்களில் மறந்துபோகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள். உங்கள் கணவரோ நடந்து கிளினிக்குக்கு வந்து போகிறவர், அவருக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

சரி, “மருந்து பரிசோதிக்கிறாங்கள்” என்ற கதை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது புது மருந்து இல்லை. வழக்கமாக முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி போட்டு ஒப்பரேசன் செய்து, பிறகு பரசிட்டமோலும் மோர்பினும் கொடுப்பார்கள். மற்றக் குழுவுக்கு அதோடு, ஸ்கான் பார்த்துக் காலின் பெரிய நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, பியூபிவகெயின் என்ற விறைப்பு மருந்தை இரண்டு மூன்று நாள் மெதுவாக விடுவார்கள். யாருக்கு எது என்று வைத்தியரும் தெரிவு செய்ய முடியாது, நீங்களும் முடியாது. மூடிய கவர் சொல்லும். இப்படிச் சீட்டுக் குலுக்குவது அலட்சியம் இல்லை, எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாததால்தான். காலை முதன்முதலில் எடுக்கும்போது நோவை முன்கூட்டியே அடக்கினால், இல்லாத பாதத்தில் வரும் நோ பிறகு வராதா என்று டென்மார்க்கில் 60 பேரில் பார்த்தார்கள். 1997இல் வந்த முடிவு, வித்தியாசமில்லை. கிரேக்கத்தில் 65 பேரில், ஒப்பரேசனுக்கு 48 மணித்தியாலம் முன்பிருந்து 48 மணித்தியாலம் பின்வரை நன்றாக அடக்கிப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு, ஆறு மாதத்தில் அந்த நோ குறைவு. பழைய கட்டையைத் திரும்பத் திறக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு விடை இதைவிடவும் குறைவு.

குழாய்க் குழுவில் வந்தால் கவனிக்க வேண்டியவை இவை. அறுபது கிலோ ஆளுக்கு ஒரே தடவையில் போடக்கூடிய பியூபிவகெயின் ஏறத்தாழ 120 மில்லிகிராம். அரை வீதக் கரைசலில் அது 24 மில்லிலீட்டர். அளவு மீறினாலோ இரத்தக் குழாய்க்குள் போனாலோ உதடு விறைக்கும், வாய் இரும்பாய்க் கைக்கும், காது இரையும். பிறகு வலிப்பு வரலாம், இதயத் துடிப்புக் குழம்பலாம். முதல் அறிகுறியிலேயே தாதியைக் கூப்பிடுங்கள். இதற்கு 20 வீதக் கொழுப்புக் கரைசல் ஏற்றுவார்கள், அது தியேட்டரில் இருக்கிறதா என்று முதலே கேட்டுவையுங்கள். விறைத்த கட்டைக்குச் சூடு தெரியாது, ஆகவே ஒத்தடம் வேண்டாம். பொய்க்காலும் போடக்கூடாது.

வார்ட்டில் அடிக்கடி நடப்பது வேறு. இரண்டாம் இரவு, வியர்வையில் பிளாஸ்டர் இளகி, புரளும்போது சீலையில் இழுபட்டுக் குழாய் அரை அங்குலம் வெளியே வந்துவிடும். மருந்து ஓடிக்கொண்டே இருக்கும், நரம்புக்குப் போகாது. பெட்சீட் ஈரமாக இருக்கும். விடிய நோ தாங்க முடியாது, “ஆய்வு மருந்து சரியில்லை” என்பார்கள். சரியில்லாதது பிளாஸ்டர். ஈரத்தைக் கண்டதும் சொல்லுங்கள். அந்த நேரம் மோர்பின் கொடுக்கலாம் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாத படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நோவைப் பூச்சியத்தில் இருந்து பத்துவரை சொல்லச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் “பரவாயில்லை மிஸ்” என்று மூன்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அப்படிச் செய்தால் அவருக்கும் மருந்து கிடைக்காது, ஆய்வும் பிழையாகும். கட்டையில் வருகிற நோவையும், இல்லாத காலின் பெருவிரலை யாரோ முறுக்குகிற மாதிரி வருகிற நோவையும் வேறு வேறாகச் சொல்ல வேண்டும்.

நரம்பு நோவுக்கான பிரிகபலின் குளிசையை வைத்தியரின் துண்டில்லாமல் வெளியில் வாங்கிப் போடுகிறாரா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். மோர்பினோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். திடீரென நிறுத்தவும் கூடாது.

கடைசியாக, தரகர்கள். வன்னியில் பதினைந்து வருடத்துக்கு மேலாக ஆட்கள் வந்து கணக்கெடுக்கிறார்கள், கட்டையைப் படமெடுக்கிறார்கள், போகிறார்கள். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. “ஆய்வு” என்ற சொல்லே எங்கள் சனத்துக்குக் கசந்துபோனது இதனால்தான். கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் ஃபோனில் படமெடுக்கக் கேட்பவர், “சேர்த்துவிடுறன், ஐயாயிரம் தாங்கோ” என்பவர், “அங்க வேண்டாம், வெளிநாட்டு ஊசி போடுற தனியார் இடம் தெரியும்” என்பவர் – யாரையும் படலைக்குள் எடுக்காதீர்கள். உண்மையான ஆய்வு உங்களிடம் ஒரு சதமும் வாங்காது.

உண்மையானதை அறிய ஒரு வழி, ஆய்வு தொடங்க முன் அதைப் பார்த்து அனுமதிக்கிற ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இலக்கம். அமெரிக்காவில் ஸ்கொட் ரூபன் என்ற மயக்க மருந்து வைத்தியர் ஒப்பரேசன் நோவைப் பற்றி எழுதிய 21 கட்டுரைகள் பொய் என்று 2009இல் வெளிவந்தது. அவர் பிடிபட்டதே, இரண்டு ஆய்வுகளுக்கு அந்த அனுமதி இல்லாததைக் கண்டுதான். இப்படி இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வென்றால் 2006இல் இருந்து இயங்கும் இலங்கையின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு இலக்கம் எஸ்எல்சிடிஆர் (SLCTR) என்று தொடங்கி, வருடமும் எண்ணும் வரும். இணையத்தில் யாரும் பார்க்கலாம், உயர்தரம் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிச வேலை.

இரண்டு இலக்கமும், இரவிலும் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருந்தால், உங்கள் கணவர் அதைத் தன் சொந்த வாயால் உங்களுக்குத் திரும்ப விளங்கப்படுத்த முடிந்தால், தாராளமாகச் சேரட்டும். கையெழுத்து வைத்த பிரதி ஒன்றை வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.