பந்தலில் தெளிவு, பதிவில் கரகரப்பு: டிஜே கருவியின் பதிவு அளவு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, நாங்கள் தங்கச்சிமடத்தில் ரேடியோ செட் வைத்திருக்கிறோம். மடிக்கணினி இல்லாமல் தானாகவே இயங்கும் டிஜே கருவி ஒன்றை வாங்கி, ஒரு கல்யாண வரவேற்பில் இசைத்ததை அதிலேயே பென் டிரைவில் பதிவு செய்து வீட்டாரிடம் கொடுத்தோம். பந்தலில் பாட்டு தெளிவாகத்தான் கேட்டது. பதிவிலோ பேஸ் விழும் இடமெல்லாம் கரகரவென்று உடைகிறது. மாஸ்டர் குமிழைக் கால்வாசிக்கு மேல் நாங்கள் திருப்பவே இல்லை. அப்படியிருக்க அளவு எப்படி மீறியது?

பதில்: கருவியிலிருந்து வெளியே போகும் மொத்தச் சத்தத்தை ஆளும் மாஸ்டர் குமிழைக் கால்வாசியில் வைத்திருந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் குமிழ்களை முழுவதும் திறந்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டி கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் மாஸ்டரை அடக்கி வைப்பது நம் பக்கத்து செட்காரர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். கூட்டம் சேர்ந்து சத்தம் போதாமல் போகும்போது மாஸ்டரைத் தொட மனம் வராது. கை தானாகவே அந்தந்தச் சேனலின் (ஒவ்வொரு பாடலும் வரும் தனி வழியின்) உள்வரும் அளவை வைக்கும் டிரிம் குமிழுக்கும், பேஸைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் ஈக்யூவுக்கும் போய்விடும். சேனல் மீட்டர் சிவப்பில் நின்றாலும், மாஸ்டர் அடக்கி வைத்திருப்பதால் பந்தலுக்குப் போகும் சத்தம் அளவாகவே இருக்கும். அதனால் கேட்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

பதிவுக்குப் போகும் ஒலி எந்த இடத்தில் பிரிகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் அது மாஸ்டர் குமிழுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கருவியில் மாஸ்டரை எவ்வளவு குறைத்தாலும் பதிவு இம்மியும் குறையாது, சேனல்களில் ஏற்றியது அத்தனையும் கோப்பில் அப்படியே போய் இறங்கும். வேறு சிலவற்றில் மாஸ்டருக்குப் பிறகு பிரிகிறது. இன்னும் சிலவற்றில் பதிவு அளவுக்கென்றே தனி அமைப்பு பட்டியலுக்குள் இருக்கும். உங்கள் கருவி எந்த வகை என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். சத்தம் சீராக உள்ள ஒரு பாடலை ஓடவிட்டு, பதிவை அழுத்தி, மாஸ்டரை அரை நிமிடம் கால்வாசியிலும், அடுத்த அரை நிமிடம் பாதியிலும், பிறகு முக்காலிலும் வையுங்கள். அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். மூன்று பகுதியும் ஒரே உயரத்தில் நின்றால் பதிவு மாஸ்டருக்கு முன்னால் பிரிகிறது; படிப்படியாக உயர்ந்தால் பின்னால் பிரிகிறது. சோதிக்கும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவைப்பது நல்லது, அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதி.

உடைவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கோப்பில் 0 டெசிபல் (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) என்பது உச்ச வரம்பு; அதற்குக் கீழே உள்ளவை மைனஸில் எழுதப்படும். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. பாம்பன் சாலைப் பாலத்தின் அடியில் கடக்கும் படகின் கொடிமரத்தைப் போலத்தான்: பாலம் விலகிக் கொடுக்காது, உயரம் கூடினால் முறிவது மரம்தான். வரம்பைத் தாண்டும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்தத் தட்டைதான் காதில் கரகரப்பாகக் கேட்கிறது. வெட்டுப்பட்ட பகுதி கோப்பில் இல்லாமலே போய்விடுவதால், பின்னர் சத்தத்தைக் குறைத்தாலும் உடைந்த ஒலி சற்று மெதுவாகக் கேட்குமே தவிர சரியாகாது. முனை மழுங்கிய இடங்களை ஊகித்து நிரப்பும் மென்பொருள்கள் உள்ளன. எப்போதாவது ஓரிரு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அவை உதவும், ஒவ்வொரு பேஸ் அடியும் வெட்டுப்பட்ட மூன்று மணி நேரப் பதிவில் அவற்றை நம்ப வேண்டாம்.

பேஸில் மட்டும் உடைவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒரு பாடலிலிருந்து அடுத்த பாடலுக்கு மாறும்போது இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் சில நொடிகளில் மொத்த அளவு ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். இரண்டின் பேஸ் அடிகளும் ஒரே நேரத்தில் ஒத்து விழுந்தால் அந்த இடத்தில் 6 டெசிபல் வரைகூடக் கூடலாம். எனவே தனித்தனியாக ஓடும்போது வரம்பை ஒட்டி நின்ற இரண்டு பாடல்கள், சேர்ந்தவுடன் தாண்டிவிடுகின்றன. புதிய பாடலை ஏற்றும்போது பழைய பாடலின் பேஸ் ஈக்யூவை இறக்கி, இரண்டில் ஒன்றின் பேஸ் மட்டும் கேட்கும்படி மாற்றுவது ரசனைக்கு மட்டுமல்ல, பதிவுக்கும் நல்லது.

இனி அளவு வைக்கும் முறை. ஈக்யூ குமிழ்கள் மூன்றையும் நடுவில் நிறுத்தி, சேனல் ஃபேடரை (அந்தச் சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழை) முழுவதும் ஏற்றி, பாடலின் தொடக்கத்தை விட்டுவிட்டு அதன் மிகச் சத்தமான பகுதிக்குப் போங்கள். அங்கே சேனல் மீட்டரின் உச்சம் பச்சையின் கடைசி விளக்கையோ ஆரஞ்சின் முதல் விளக்கையோ தொடும் வரை டிரிமைத் திருப்புங்கள்; சிவப்பு ஒருபோதும் எரியக் கூடாது. ஒவ்வொரு பாடலுக்கும் இதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்றும் இந்த ஆண்டு வந்த குத்துப்பாட்டு ஒன்றும் ஒரே டிரிமில் ஒரே அளவுக்கு வருவதில்லை. பாடலுக்குப் பாடல் அளவைத் தானே சமன் செய்யும் தானியங்கி கெயின் வசதி இருந்தால் போட்டுவைக்கலாம்; ஆனால் அது பாடலை மட்டுமே அளக்கிறது, நீங்கள் ஏற்றும் ஈக்யூவை அது அறியாது. பிறகு மாஸ்டரை அதன் இயல்பான இடத்துக்குக் கொண்டுவந்து, பந்தலில் சத்தம் மிகுந்தால் ஆம்ப்ளிஃபயரில் குறையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் செட் முழு வேகத்தில் பாடுகிறது என்று நினைக்கும் மாப்பிள்ளைத் தோழர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் குமிழைக் காட்டுங்கள், கருவியின் பக்கம் வர விடாதீர்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறான சிக்கல். உடையக் கூடாது என்று பயந்து அளவைக் குறைத்தே பதிவு செய்கிறேன். கைப்பேசியில் கேட்டால் சத்தமே போதவில்லை. பிறகு ஏற்றினால் தரம் கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா? (கீழக்கரை வாசகர்)

பதில்: நீங்கள் செய்வதே சரி. 16 பிட் பதிவில் (ஒலியின் ஒவ்வொரு அளவீடும் 16 இரும இலக்கங்களில் எழுதப்படுவது) மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடம் உண்டு. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்பது கணக்கு. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றால் இரண்டு பிட் வீணாகிறது, மீதம் 84 டெசிபல் இருக்கிறது. அமைதியான தனியறையில் உட்கார்ந்து கேட்டாலும் அந்த இழப்பைக் காது கண்டுபிடிப்பது கடினம். உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் இருக்கும்படி பதிவு செய்வது நடைமுறைக்கு ஏற்றது. நிகழ்ச்சியில் மைக்கும் உண்டு என்றால் இன்னும் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, கோப்பு முழுவதையும் ஒரே அளவாக ஏற்றும் நார்மலைஸ் கட்டளையில் உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்கு வையுங்கள். முழு 0 வரை ஏற்றாததற்குக் காரணம், வேவ் கோப்பை எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் சற்றே நகரும், வரம்பைத் தாண்டவும் கூடும் என்பதுதான். ஏற்றும் வேலை முழுவதையும் வேவ் கோப்பிலேயே முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை எம்பி3 ஆக்குங்கள். நார்மலைஸ் செய்தும் சத்தம் ஏறவில்லை என்றால், எங்கோ ஓரிடத்தில் ஒரே ஒரு கூரான உச்சம் தடுத்து நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது மைக்கில் யாரோ கத்தியதாகவோ மைக்கைத் தட்டியதாகவோ இருக்கும். அலைவடிவத்தில் அது தனியாக நீட்டிக்கொண்டு தெரியும். அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைத்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: தேவிபட்டினத்தில் ஒரு விழாவில் பதிவு செய்தபோது பாடல்களுக்கு நடுவே 'ம்ம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டது. ஜெனரேட்டரில்தான் செட் ஓடியது. அறிவிப்பாளர் பேசும்போது பதிவு உடையவும் செய்கிறது. அளவை எங்கே குறைப்பது?

பதில்: பென் டிரைவிலிருந்து ஓடும் பாடல் கருவிக்குள் டிஜிட்டலாகவே கலந்து டிஜிட்டலாகவே பதிவாகிறது, ஜெனரேட்டரின் இரைச்சல் அந்த வழியில் நுழைய இடமில்லை. வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் மைக்கும் லைன் உள்ளீடும்தான் அதன் வாசல்கள். யாரும் பேசாத நேரத்தில் மைக் சுவிட்சை அணைத்துவிடுங்கள், கைப்பேசியை இணைக்கும் சேனலின் ஃபேடரை முழுவதும் இறக்கிவிடுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. மைக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துச் சுற்றாமல் விலக்கிக் கொண்டுபோவதும், கருவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே இடத்திலிருந்து நில இணைப்புள்ள மின்சாரம் எடுப்பதும் உதவும். கடற்கரையின் உப்புக் காற்றில் மைக் பிளக்கின் முனை பச்சை பூத்துப் போவதும் இதே இரைச்சலைத் தரும். துடைத்து உலர்த்தி வையுங்கள்.

மைக் அளவைப் பொறுத்தவரை, 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்து அளவு வைப்பதில் பயனில்லை. அறிவிப்பாளரையே அழைத்து, மாலையில் அவர் எந்தக் குரலில் பேசுவாரோ அதே குரலில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசச் சொல்லுங்கள். பாட்டும் குரலும் சேர்ந்த நிலையில் மாஸ்டர் மீட்டர் சிவப்புக்கு வராதபடி மைக் குமிழை நிறுத்துங்கள். டாக் ஓவர் வசதி இருந்தால், பேசும்போது பாட்டு தானாக அடங்கும்.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் விசேஷங்கள் அடுத்தடுத்து வரும். இரவு முழுவதும் ஒரே கோப்பாகப் பதிவு செய்ய முடியுமா? (தொண்டி வாசகர்)

பதில்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேலாகவும், மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டும் பிடிக்கும். ஃபேட்32 முறையில் தயார் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அது ஏறத்தாழ 6 மணி 45 நிமிடம். 2 ஜிகாபைட்டிலேயே கோப்பைப் பிரித்துவிடும் கருவியானால் ஏறத்தாழ 3 மணி 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய கோப்பு தொடங்கும். நீங்களே மணிக்கு ஒருமுறை, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே நிறுத்தி மீண்டும் தொடங்குவது நல்லது. நிறுத்தியவுடன் முதல் கோப்பை ஹெட்ஃபோனில் சிறிது கேட்டால், அளவு மீறியிருப்பது தெரியவந்து அடுத்த கோப்பையாவது காப்பாற்றலாம். பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தி, எழுதி முடித்ததற்கான அடையாளம் திரையில் வந்த பிறகே பென் டிரைவை உருவுங்கள். நடுவில் உருவினாலோ ஜெனரேட்டர் நின்றாலோ அந்தக் கோப்பு திறக்காமலே போகலாம்.