மேயர் தேர்தல் வந்தால் நம் ஊர் வரவு செலவு என்னவாகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாநகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. அதையொட்டி வந்த கேள்விகளில் தொழில், வியாபாரம் சார்ந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. பதில்களும் அந்த அனுபவத்திலிருந்து வருபவைதான்.

திருப்பூரில் பின்னலாடை ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட முடியுமா? மேயர் மாறினால் என் தொழிலில் என்ன மாறும்?

இப்போதைய முறையில் முடியாது. நீங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுவீர்கள். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் மறைமுகத் தேர்தல்தான். அதனால் உங்கள் வார்டில் நிற்பவர் யார் என்பதை முதலில் பாருங்கள்.

மின்கட்டணம், ஜிஎஸ்டி, நூல் விலை, சாயப்பட்டறைக்கான மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி ஆகிய எதுவும் மேயர் கையில் இல்லை. சொத்து வரி, தொழில் உரிமம், உட்புறச் சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை ஆகியவை மன்றத்தின் வேலை. நிர்வாகத்தை நடத்துபவர் ஆணையர் என்றாலும் பட்ஜெட்டும் தீர்மானமும் மன்றத்தில்தான் நிறைவேற வேண்டும். தொழில் வரி ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவே தடுக்கிறது. 1988இல் வைத்த வரம்பு அது.

உங்கள் யூனிட் இருக்கும் சந்தில் மழைக்காலத்தில் லோடு ஆட்டோ உள்ளே வர முடிகிறதா? பீஸ் ஒரு நாள் தாமதமாகப் போனால் அடுத்த ஆர்டர் கிடைக்குமா? மாநகராட்சி உங்கள் லாபத்தைத் தொடும் இடம் இதுதான். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதையே கேளுங்கள்.

மதுரையில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் முடிந்ததும் சொத்து வரியை ஏற்றுவார்களா?

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். 2018இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புறத் தேர்தல், மார்ச் 4இல் மேயர் தேர்வு. ஏப்ரல் தொடக்கத்திலேயே புதிய உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. வீடுகளுக்குப் பரப்பளவையும் ஊரையும் பொறுத்து 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை. இதில் இரண்டு ஆட்சிகளும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஒரு கட்சியின் குணமாக இதைப் பார்க்காதீர்கள்.

இவ்வளவு பெரிய அடி ஏன் விழுந்தது? சென்னையின் பழைய பகுதிகளில் 1998க்குப் பிறகு சீராய்வே நடக்கவில்லை. மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகு இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பயந்து தள்ளிப்போட்ட சுமை மொத்தமாக ஒரே ஆண்டில் இறங்கியது. ஆண்டுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தால் வியாபாரி அதைக் கணக்கில் வைத்துச் சமாளித்திருப்பார். ஒரே ஆண்டில் இரண்டு மடங்கானால் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுகிறார், கடைக்காரர் ஒரு பையனை வேலையிலிருந்து நிறுத்துகிறார். சிறு வியாபாரத்துக்கு இதுதான் பெரிய கெடுதல்.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வருவாயும் வளர வேண்டும், இல்லையேல் உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடையாது என்று மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. அதனால் யார் மேயராக வந்தாலும் வரி அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "வரியை ஏற்றவே மாட்டோம்" என்பவரை நான் நம்ப மாட்டேன். "வரி கட்டாத பெரிய கட்டடங்களிடம் வசூலிப்போம்" என்பவரிடம் எப்படி என்று கேட்பேன். உங்கள் ஊரிலேயே பெரிய கட்டடங்களுக்கு விதிமீறி வரி குறைத்த விவகாரம் 2025இல் வெடித்து, கைதுகள் வரை போனதே! அப்படிக் குறைந்த ஒவ்வொரு ரூபாயையும் ஒழுங்காகக் கட்டும் உங்களைப் போன்றவர்கள்தான் சுமக்கிறீர்கள்.

மேயர் மாறினால் எங்கள் ஊருக்கு ஐடி பார்க், பெரிய கம்பெனி வருமா? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

வராது, தம்பி. அது மாநில அரசின் கொள்கை, டிட்கோ, சிப்காட், எல்காட் போன்ற நிறுவனங்களின் வேலை. மேயர் சொன்னால் தேர்தல் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வந்த கம்பெனி நிலைப்பதற்குக் குடிநீரும் சாலையும் வேண்டும். அங்கே மாநகராட்சிக்குப் பங்கு உண்டு.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். தேர்தல் அறிவித்ததுமே வெளியூர் வியாபாரிகள் வரப் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

தேர்தலால் உடனடியாகக் கண்ணுக்குத் தெரியும் பொருளாதாரப் பாதிப்பு இதுதான். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை ஆவணம் கேட்கும். சந்தைக்கு வருபவர் ரொக்கத்தோடு வருபவர். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கும் விதி, கொள்முதல் பணத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது.

வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: வங்கியில் பணம் எடுத்த சீட்டு அல்லது பாஸ்புக் நகல், ஜிஎஸ்டி பதிவு நகல், பழைய கொள்முதல் பில் இவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். விற்றுவிட்டுத் திரும்புபவர் அன்றைய பில் புத்தகத்தை வைத்திருக்கட்டும். பறக்கும் படை பணத்தை எடுத்துக்கொண்டால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. முடிந்த அளவு வங்கி வழியாக மாற்றச் சொல்லுங்கள்.

கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகள் நடத்தினால் ஊழல் குறையுமே. தேர்தல் எதற்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை)

ஐயா, இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இதற்கு விளக்கமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அப்படி ஒரு காலத்தை நாம் வாழ்ந்து பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே மன்றங்களின் காலமும் முடிந்தது. 2022 வரை, ஐந்து ஆண்டுக்கு மேல், அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் மாநகராட்சிகளை நடத்தினார்கள்.

அந்தக் காலத்தில் என்ன நடந்தது? தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதற்காக மத்திய நிதிக்குழு மானியம் நின்றது. அது நம் வரிப்பணத்திலிருந்து நமக்குத் திரும்ப வேண்டிய தொகை. மானியம் நின்றால் சாலைப் பராமரிப்பும் குடிநீர்ப் பணியும் தள்ளிப்போகும். அவற்றை நம்பியிருக்கும் சிறு ஒப்பந்தக்காரர், கொத்தனார், சித்தாள் வரை வருமானம் குறையும். தனி அலுவலர்களில் திறமையானவர்கள் உண்டு, அவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். பாதியில் நின்ற பாதாளச் சாக்கடைக் குழியைப் பற்றி யாரிடம் கேட்பது? கவுன்சிலர் வீடு எங்கே என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மும்பையும் 2022 மார்ச்சிலிருந்து 2026 ஜனவரித் தேர்தல் வரை மன்றம் இல்லாமல் இருந்தது. 74,000 கோடி ரூபாயைத் தாண்டிய பட்ஜெட்டை ஒரு நிர்வாகி தாமே போட்டுத் தாமே ஒப்புதல் கொடுத்தார். ஊழலைக் காரணம் காட்டித் தேர்தலை வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தேர்தலுக்கு முன் மனை வாங்குவதா, பின் வாங்குவதா?

தேர்தலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்திரப் பதிவின்போது கட்டும் 7 விழுக்காடு முத்திரைக் கட்டணத்தில் உள்ளாட்சிக்கான 2 விழுக்காடும் அடங்கியிருக்கிறது. மேயர் மாறினால் அது மாறாது.

சென்னையில் அம்மா தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் கடைகளை அகற்றுவார்களோ என்று தூக்கமில்லை.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது. அதன்பின் இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெரு விற்பனைப் பகுதி, எது இல்லை என்ற பேச்சு அந்தக் குழுவில்தான் நடக்கிறது. உங்கள் வீட்டுக்கு மேயர் தேர்தலைவிட அந்தக் குழுவின் தேர்தல் முக்கியம். அம்மாவின் பெயர் அந்தக் குழுத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று மண்டல அலுவலகத்தில் போய்ப் பாருங்கள்.

விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால் மத்திய அரசின் ஸ்வநிதி கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். வட்டிக்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டுவதிலிருந்து விடுபட அது ஒரு வழி.

எப்போதாவது வண்டியைப் பிடித்தால், எடுத்துக்கொண்ட பொருள்களின் பட்டியலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். பழம் அழுகும் பொருள். கட்டணத்தைக் கட்டிக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.