இக்கெம் வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் ஷாத்தோ திக்கெம், சுருக்கமாக இக்கெம், பற்றியவை. பிரான்ஸில் போர்தோ நகருக்குத் தெற்கே, சோத்தேர்ன் பகுதியில் உள்ள இனிப்பு வெள்ளை வைன் தோட்டம் அது. போர்தோ வைன்களுக்கு 1855இல் வகுத்த தரவரிசையில் சோத்தேர்ன் வைன்களுக்கெல்லாம் மேலே தனிப்படி கொடுத்து வைக்கப்பட்டது அது ஒன்றுதான்.

இணையத்தில் ஒருவர் 2012ஆம் ஆண்டு இக்கெம் புட்டியைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (துலூஸ்)

வேண்டாம். 2012இல் இக்கெம் தன் இனிப்பு வைனை வெளியிடவே இல்லை. 1992, 1974, 1972, 1964 ஆண்டுகளிலும் இல்லை. இந்த ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கலந்த வைனுக்கு இத்தனை நூறு யூரோவா என்று என் மைத்துனர் கேட்கிறார். என்ன சொல்வது? (பாரிஸ்)

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த இனிப்பு திராட்சையிலேயே உள்ளது. அதைத் திரட்டித் தருவது ஒரு பூஞ்சை.

சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ளது சோத்தேர்ன். இலையுதிர்காலக் காலைகளில் அங்கே மூடுபனி இறங்கும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தோலில் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடும். பிற்பகல் வெயிலும் காற்றும் அந்தத் துளைகள் வழியே நீரை உறிஞ்சிவிடும். சர்க்கரையும் புளிப்பும் மணமும் உள்ளேயே கெட்டிப்படும். வெயில் வராமல் மழை தொடர்ந்தால் இதே பூஞ்சை சாம்பல் அழுகலாக மாறிப் பழத்தைக் கெடுத்துவிடும்.

பூஞ்சை எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடிக்காது. அதனால் பறிப்பவர்கள் ஒரே வரிசைக்குச் சராசரியாக ஐந்தாறு முறை திரும்பி வந்து, சுருங்கிய பழங்களை மட்டும் எடுக்கிறார்கள். பிழிவதும் தலைகீழ்: பெரும்பாலான வைன்களில் முதல் பிழிவே உயர்ந்தது, இங்கே சுருங்கிய பழம் கடைசிப் பிழிவில்தான் மிக இனிப்பான சாற்றை விடும். அந்தச் சாறு முழுவதும் நொதித்தால் 20 சதவீதம் ஆல்கஹால் வரும். ஆனால் 13.5 அல்லது 14 சதவீதத்தை எட்டும்போது நொதிப்பு ஓய்ந்துவிடுகிறது. மிஞ்சும் சர்க்கரை லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை.

இனி விலைக்கு வருவோம். சோத்தேர்ன் விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு 2,500 லிட்டர் வரை எடுக்கலாம். இக்கெம் எடுப்பது சராசரியாக 900 லிட்டர், அதாவது 1,200 புட்டி. ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம் வைன் என்று அங்கே சொல்வார்கள். அந்தக் கொஞ்சமும் புதிய ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். சுவை பார்த்துப் பிடிக்காத பீப்பாய்களைக் கழித்துவிடுவார்கள். மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

'இக்கெம் தோட்டத்தின் இரண்டாம் வைன்' என்று கடையில் 60 யூரோ சொல்கிறார்கள். (லியோன்)

இக்கெமுக்கு இரண்டாம் வைன் கிடையாது. கழித்த வைன் தோட்டத்தின் பெயர் இல்லாமல் வெறும் சோத்தேர்னாக வணிகர்களுக்குப் போய்விடும். பெயரைச் சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு இக்கெம் என்று வாங்கினேன். திறந்தால் இனிப்பே இல்லை! கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (ஸ்ட்ராஸ்பூர்க்)

நீங்கள் வாங்கியது 'இக்ரெக்', பிரெஞ்சில் Y எழுத்தின் பெயர். அதே தோட்டம் 1959 முதல் செய்யும் வேறு வைன். சோத்தேர்ன் போன்ற இனிப்பு அதில் இருக்காது. லேபிளில் அந்த ஒற்றை எழுத்து பெரிதாக நிற்கிறது, வைன் வகையாக 'சோத்தேர்ன்' என்று குறிப்பிடப்படவில்லை. இத்தனை பணம் கொடுப்பவர் லேபிளை ஒரு முறை படிக்க வேண்டாமா? லேபிளில் உள்ளதைத்தான் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். அவர்மேல் தவறில்லை.

தொலைபேசியில் அழைத்தவர், 'லூர்-சாலுஸ் குடும்பத்தின் நிலவறையிலிருந்து நேரடி விற்பனை' என்றார். மூன்று புட்டிக்கு வங்கி வழியே பணம் அனுப்பினார் என் அப்பா. எதுவும் வரவில்லை. அவர் யாரிடமும் பேசாமல் இருக்கிறார். (போர்தோ)

அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள்: வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல. பொய்யில் பாதி உண்மை கலந்திருந்தது, அதனால்தான் நம்பினார். 1593இல் சொவாஜ் குடும்பத்தின் கைக்கு வந்த தோட்டம், 1785இல் நடந்த ஒரு திருமணத்தால் லூர்-சாலுஸ் குடும்பத்துக்குப் போனது. மூன்றே ஆண்டில் கணவரை இழந்த சொவாஜ் குடும்பத்து மணமகள் பிரான்ஸ்வாஸ்-ஜோசஃபீன், பிரெஞ்சுப் புரட்சியையும் தாண்டித் தோட்டத்தைக் காப்பாற்றினார். 1826இல் பீப்பாய்க் கூடம் கட்டினார். ஆனால் 1996இல் எல்விஎம்எச் என்ற பிரெஞ்சுச் சொகுசுப் பொருள் குழுமம் பெரும்பங்கை வாங்கியது. வழக்குகளுக்குப் பிறகு 1999இல் தோட்டம் அதன் கைக்குப் போனது. நிர்வாகியாக நீடித்த அலெக்சாந்த்ர் த லூர்-சாலுஸ் 2004இல் விலகினார். இன்று அந்தக் குடும்பத்துக்குள்ளது பக்கத்தில் இருக்கும் ஷாத்தோ த ஃபார்க்.

இன்றே வங்கிக்குப் போய், அனுப்பிய பணத்தைத் திரும்ப அழைக்கக் கோருங்கள். ஒவ்வொரு நாளும் வாய்ப்பைக் குறைக்கும். பிறகு காவல்துறையில் புகார், அரசின் 'சிஞ்ஞால் கோன்ஸோ' என்ற நுகர்வோர் புகார்த் தளத்திலும் ஒரு பதிவு. அழைப்பு வந்த எண், கணக்கு எண், குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

ப்ரிமர் முறையில் சோத்தேர்ன் முன்பதிவு செய்தேன். 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்தானே? (மார்சே)

பெரும்பாலும் முடியாது. புட்டியில் அடைக்குமுன்பே விற்பதுதான் ப்ரிமர். வைன் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். ஒப்பந்த விலை சந்தை ஏற்றஇறக்கத்தைப் பொறுத்ததாகவும், 30 நாளுக்குப் பின் வந்து சேர்வதாகவும் உள்ள மதுவகைக்குப் பிரெஞ்சுச் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை. பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஏலத்தில் எடுத்த 1980களின் புட்டி தேன் நிறமாகிவிட்டது. அடியில் கண்ணாடித் துகள் போலப் படிவு. கெட்டுவிட்டதா? (நாந்த்)

இல்லை. வயதாக ஆக இக்கெம் பொன்னிறத்திலிருந்து பழுப்புக்குப் போவது இயல்பு. துகள் டார்டாரிக் அமில உப்பு, குடித்தாலும் தீங்கில்லை. பார்க்க வேண்டியவை வேறு. வைன் மட்டம் கழுத்தடியில் அல்லது தோளின் மேற்பகுதியில் இருந்தால் இந்த வயதுக்குச் சரி. தோளின் நடுவுக்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்படுங்கள். தக்கையை மூடியிருக்கும் மேலுறையின் விளிம்பில் விரல் வைத்துப் பாருங்கள்: பிசுபிசுத்தால் தக்கை வழியே கசிந்திருக்கிறது. கடை விளக்கின் கீழ் நிமிர்த்தி வைத்த புட்டிகளையும் தவிர்த்துவிடுங்கள், அதில் தக்கை உலர்ந்து காற்று புகும். அப்படி ஒன்றை வாங்கிக் கொட்ட வேண்டியிருந்தது எனக்கும்.

அரைப் புட்டி வாங்கினால் போதுமா? (லீல்)

போதும். 375 மில்லி இருவருக்குத் தாராளம். ஆனால் முழுப் புட்டியைவிட வேகமாக முதிரும், நெடுங்காலம் வைக்க ஏற்றதல்ல. 10 முதல் 12 டிகிரி குளிரில் பரிமாறுங்கள். மிச்சத்தை அதே தக்கையால் இறுக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும்.